பாதி டின் மால்ட்டும் ஒரு நார்த்தங்காயும்

வணக்கம் மக்களே. காரைக்குடி வீட்டு அடுப்படியிலிருந்து பேசுகிறேன். இதோ இந்த டின்னைப் பாருங்கள், தலைகீழாகக் கவிழ்த்தாலும் உள்ளே இருப்பது அவசரப்படாது. தேனைவிடக் கெட்டி, நிறம் வெல்லப்பாகு. இதுதான் மால்ட் எக்ஸ்ட்ராக்ட். மெல்பனில் இருக்கும் அண்ணன் வீட்டிலேயே பீர் காய்ச்சுவார். விற்காமல் சொந்தத்துக்கு என்றால் அங்கே தடையில்லை. டின்னில் மிச்சம் கிடந்த 600 கிராமை மூன்று பாலிதீன் பையில் சுற்றி என் பெட்டியில் வைத்துவிட்டார்.

நம் ஊரில் பீர் காய்ச்ச முடியாது. 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சுவது குற்றம், அதனால் புளிக்கவைக்கிற ஈஸ்ட் எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஆனால் ஈஸ்ட் போடுவதற்கு முந்தின கட்டம் ஒன்று இருக்கிறதே. மால்ட்டைக் கரைத்துக் கொதிக்கவைத்த இனிப்புத் தண்ணீர், வோர்ட் என்பார்கள். அதைப் புளிக்கவிடாமல் கேஸ் மட்டும் ஏற்றிக் குடிக்கிற பழக்கம் கரீபியன் பக்கம் உண்டு, பெயர் மால்டா. என் சோதனை அதோடு நிற்கிறது.

இந்தப் பாகு ஒன்றும் அதிசயமில்லை. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்துத் திரிக்கிறோம் இல்லையா, அதே வேலையை பார்லியில் செய்கிறார்கள். முளைவிடும்போது தானியத்தில் உண்டாகும் என்சைம், 65 டிகிரி வெந்நீரில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். வடிகட்டிச் சுண்டவைத்தால் இந்தப் பாகு.

முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கின பழைய எனாமல் சட்டியில் 2 லிட்டர் தண்ணீர் கொதிக்கட்டும். பாகை ஊற்றும் முன் அடுப்பை அணையுங்கள், இது முக்கியம். எரிகிற அடுப்பில் ஊற்றினால் பாகு நேரே அடியில் போய் உட்கார்ந்து தீய்ந்துவிடும், அப்புறம் அந்த வாடையை எதைப் போட்டும் போக்க முடியாது. 300 கிராம் போட்டு, கரண்டி அடியில் ஒட்டாமல் வழுக்குகிற வரை கிண்டினேன். மறுபடி அடுப்பு. ஒரு மஞ்சள் நுரை மெதுவாக எழும்பியது. நான் கேமராவைத் திருப்பின நேரம் பார்த்துப் பொங்கி, அடுப்பெல்லாம் பிசுக்கு. பாலுக்குக்கூட இவ்வளவு குசும்பு கிடையாது. மால்ட்டில் உள்ள புரதம் செய்கிற வேலை. முதல் பத்து நிமிஷம் நகராதீர்கள்.

வெறும் வோர்ட் திகட்டும். பீரில் அந்தத் திகட்டலை அடக்குவது ஹாப்ஸ் என்கிற கொடிப் பூவின் கசப்பு. இங்கே ஹாப்ஸுக்கு எங்கே போவது? பெல்ஜியத்தில் கோதுமை பீருக்குக் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள். கொத்தமல்லி நம்மிடம் டப்பா டப்பாவாக இருக்கிறது, ஆரஞ்சுக்குப் பதில் நார்த்தங்காய். அதோடு நிறுத்தியிருக்கலாம். செட்டிநாட்டில் இருந்துகொண்டு கல்பாசி போடாமல் இருப்பதா என்று ஒரு சிட்டிகை போட்டேன். எண்ணெயில் பொரிந்தால் மணக்கிற அதே கல்பாசி, தண்ணீரில் வெந்ததும் மழையில் நனைந்த சுவரை நக்கின மாதிரி ஆகிவிட்டது. முழுச் சட்டியும் வீண்.

மிச்சம் 300 கிராமில் இரண்டாவது தடவை. கல்பாசி கிடையாது. ஒன்றிரண்டாகத் தட்டின கொத்தமல்லி ஒரு ஸ்பூன், அரை நார்த்தங்காய்த் தோல் கொஞ்சம் வெள்ளைப் பகுதியோடு. கசப்பு அந்த வெள்ளையில்தான். இறக்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்பு போட்டு, வடிகட்டி, ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. குடிக்கும்போது பாதிக்குப் பாதி சோடா.

அப்பத்தா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னப்பா, டானிக் மாதிரி இருக்கு" என்றார். டம்ளரை மட்டும் திருப்பித் தரவில்லை.

மூன்று நாளைக்கு மேல் வைக்காதீர்கள். ஒரு பாட்டிலை மறந்து வெளியே வைத்திருந்தேன். நம் வெயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈஸ்டே போதும்போல. நாலாம் நாள் மூடியைத் தொட்டதும் 'டப்'. அது வாழை மரத்துக்குப் போயிற்று.