அரை லிட்டர் என்றால் எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவமனையில் ஒரு நெருக்கடி வரும்போது செவிலியர்கள் என்ன செய்கிறார்கள், என்ன செய்ய வேண்டும் என்பது குறித்துப் பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்து, அவற்றில் பெரும்பகுதியைப் பிரசவ அறையிலும் எஞ்சியதைச் செவிலியர் பயிற்சிப் பள்ளியிலும் கழித்தவள் நான். ஆகவே மாரடைப்பு, சாலை விபத்து, பாம்புக்கடி என்று எல்லாவற்றையும் தொட்டுக்காட்டிவிட்டுப் போவதைவிட, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு நெருக்கடியைப் பேசுவதுதான் முறை என்று நினைக்கிறேன். குழந்தை பிறந்த பிறகு தாய்க்கு ஏற்படுகிற அளவு மீறிய உதிரப்போக்குதான் அது.

இன்று காலையில் உங்களில் பலர் அரை லிட்டர் பால் பாக்கெட்டைப் பிரித்திருப்பீர்கள். அது கை தவறிச் சமையலறைத் தரையில் கொட்டிவிட்டால், ‘ஐயோ, இவ்வளவு பாலா!’ என்றுதான் தோன்றும். அதே அரை லிட்டர் ரத்தமாக இருந்து, அது தரையில் கொட்டாமல் புடவையிலும் பஞ்சிலும் விரிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊறிவிட்டால், பார்க்கிறவருக்கு அது ஒரு டம்ளர் போலத்தான் தெரியும். பிரசவ அறையில் நாங்கள் கவனிக்க வேண்டிய எல்லைக்கோடு இந்த அரை லிட்டர்தான். இயல்பான பிரசவத்துக்குப் பிறகு 500 மில்லி ரத்தம் போய்விட்டால் அது உதிரப்போக்கு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டியது தெரியாமலே தாண்டிவிடுகிறோம் என்பதுதான் நான் இத்தனை ஆண்டுகளாகப் புலம்பிவருகிற விஷயம்.

ஏன் இத்தனை அவசரம் என்று கேட்கலாம். நிறைமாதக் கருப்பைக்கு நிமிடம் ஒன்றுக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்து வெளியே வந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்களின் வாய்கள் திறந்து கிடக்கும். அவற்றை அடைப்பது தையலும் அல்ல, மருந்தும் அல்ல. கருப்பையின் தசை நார்கள் ஒன்றோடொன்று பின்னி இறுகி அந்தக் குழாய்களை நெரித்துவிடுகின்றன. வயிற்றின்மேல் கை வைத்துப் பார்த்தால் இறுகிய கருப்பை உரித்த தேங்காய் போல உருண்டு கெட்டியாக இருக்கும். இறுகாத கருப்பை பிசைந்த மாவுபோல் குழைந்து, எது கருப்பை எது குடல் என்றே தெரியாமல் கிடக்கும். அந்த மாவைத் தேங்காயாக்குவதுதான் முதல் வேலை. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசியைத் தாயின் தொடையில் போடுவது அதற்காகத்தான். அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சிக்குள் வைத்திருக்க வேண்டும்; மின்வெட்டு நேரத்தில் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடாதீர்கள் என்று நான் சண்டை போட்டது இதற்காகத்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, டெல்டா பகுதியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், இரவுப் பணி. ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம் சிக்கலின்றி முடிந்தது, குழந்தை நன்றாக அழுதது, நஞ்சுக்கொடியும் முழுதாக வந்துவிட்டது. கேஸ் ஷீட்டில் ரத்தப்போக்கு என்ற கட்டத்துக்கு எதிரே நான் ‘சாதாரணம்’ என்று எழுதிவிட்டுக் குழந்தையைச் சுற்றிவைக்கப் போனேன். அறையைத் துடைக்கும் அம்மா, வயதில் என் தாயைப்போல் இருப்பவர், வாசலில் நின்று, “மூணாவது துணி மாத்துறேன் சிஸ்டர்” என்றார். நான் திரும்பிப் பார்க்காமல், “இரண்டாவது பிரசவம்மா, கொஞ்சம் கூடத்தான் போகும்” என்றேன். அவர் போகவில்லை. “நீங்க வந்து துணியைத் தூக்கிப் பாருங்க” என்றார். தூக்கினேன்; துணி கனத்தது. நேயர்களே, கண் சொல்லாததைக் கை சொன்ன இடம் அது.

அப்போதும் நான் உடனே மருத்துவரை அழைக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் நள்ளிரவில் எழுப்பியதற்காக ஒருவரிடம் வசை வாங்கியிருந்தேன். ‘இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாம்’ என்று கருப்பையைப் பிசைந்துகொண்டே நின்றேன். நாடி 90-லிருந்து 120 ஆன பிறகுதான் ஆள் அனுப்பினேன். இளம் தாயின் உடல் கடைசிவரை சமாளிக்கும். ரத்த அழுத்தம் சரியாக இருப்பதுபோல் காட்டும், பிறகு ஒரேயடியாகச் சரியும். நாடித் துடிப்பின் எண் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைத் தொட்டுவிட்டால் உயிர் ஊசலாடுகிறது என்று பொருள் என்பதை எனக்குப் பாடப் புத்தகம் சொல்லியிருந்தது. அதை நான் புரிந்துகொண்டது அன்றிரவுதான். அந்தப் பெண்ணைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய் நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டார். 108 வண்டி தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-இல். அன்று அவரை அனுப்பிவைத்தது வாடகைக்குப் பிடித்த ஒரு வேனில்.

பின்னாளில் பயிற்சிப் பள்ளிக்குப் போனதும் முதல் காரியமாக ஒரு விளையாட்டு வைத்தேன். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று என் மாணவிகள் கேலி செய்வார்கள், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள். சோறு வடித்த கஞ்சியில் ரோஸ் மில்க் எசன்ஸைக் கலந்தால் நிறத்திலும் கொழகொழப்பிலும் ரத்தத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதை அளந்து, ஒரு மேசையில் பஞ்சிலும் பட்டைத்துணியிலும் ஊற்றி வைப்பேன், இன்னொன்றில் பழம்புடவையில், தரையில் ஒரு குட்டை. ஒவ்வொன்றும் எவ்வளவு என்று தாளில் எழுதச் சொல்வேன். 700 மில்லி ஊற்றிய புடவையைப் பார்த்து 250 என்றும் 300 என்றும் எழுதுவார்கள். நன்றாகப் படிக்கிற பெண்கள் இன்னும் குறைத்து எழுதுவார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒருமுறை அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த பணியாளர் அம்மாவை அழைத்து நீங்கள் சொல்லுங்கள் என்றேன். அவர் புடவையின் ஓரத்தைப் பிடித்து லேசாகப் பிழிந்து பார்த்துவிட்டு, “ஒரு சொம்பு இருக்கும், கொஞ்சம் குறையா” என்றார். அந்தச் சொம்பு ஏறத்தாழ முக்கால் லிட்டர் பிடிக்கும். வகுப்பு முழுதும் கைதட்டியது. நாள்தோறும் பிழிகிறவருக்கு அளவு கையில் இருக்கிறது. பார்த்து எழுதுகிறவருக்கு அளவு காகிதத்தில்தான் இருக்கிறது.

இது என் ஒருத்தியின் அனுபவம் அல்ல. கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்தில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் விரித்து ரத்தத்தைச் சேகரித்து அளந்தார்கள். கண்ணால் மதிப்பிட்டது விரிப்பில் அளந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அதே ஆண்டில் லண்டனிலிருந்து வந்த மற்றோர் ஆய்வு தரையில் பரவும் ரத்தத்துக்கு ஒரு கணக்குச் சொன்னது. அதை நம் முழக் கணக்கில் சொல்கிறேன்: ஏறக்குறைய ஒரு முழ அகலத்துக்குப் பரவினால் அரை லிட்டர், இரண்டு முழம் பரவினால் ஒரு லிட்டர் அல்ல, ஒன்றரை லிட்டர். அகலம் இரட்டிக்கும்போது அளவு மும்மடங்காகிறது. திரும்பவும் சொல்கிறேன், இரண்டு முழத்துக்கு ஒன்றரை லிட்டர்.

அளந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 2023-இல் விடை கிடைத்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் நடந்த ‘ஈ-மோட்டிவ்’ ஆய்வு அது. அளவுக்கோட்டு விரிப்பை விரிப்பது, கோட்டைத் தாண்டியதும் கருப்பையைப் பிசைவது, கருப்பையைச் சுருக்கும் மருந்து, உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம், டிரிப்ஸ் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து பார்க்காமல் ஒரேசேரத் தொடங்குவது, எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று பரிசோதித்து, நிற்காவிட்டால் மேல்நிலைச் சிகிச்சைக்கு அனுப்புவது என்பதுதான் முறை. கடுமையான உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. வழக்கமான கவனிப்பில் உதிரப்போக்கு ஏற்பட்ட பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மட்டுமே அது கண்டுபிடிக்கப்பட்டது. விரிப்பு இருந்த இடங்களில் 93 சதவீதம். மருந்துகளில் புதிது எதுவும் இல்லை. டிரானெக்சாமிக் அமிலத்தை ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியர் கண்டறிந்து 1962-இல் வெளியிட்டார்கள். பிரசவம் முடிந்து மூன்று மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் அதன் பலன் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. நான் பிசைந்துகொண்டு நின்ற அந்தப் பத்து நிமிடத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்தது, அழைப்பது. நெருக்கடியில் கைவேலையைவிட வாய்வேலை கடினம். “டாக்டர், பேஷன்ட் ஒரு மாதிரியா இருக்காங்க, வந்து பாக்குறீங்களா?” என்று கேட்டால், தூக்கத்தில் இருப்பவர் “காலையில் பார்க்கலாம்” என்றுதான் சொல்வார். அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளிலிருந்து மருத்துவமனைக்கு வந்த ஒரு பேச்சுமுறை இருக்கிறது: இப்போது என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும் என்ற நான்கு வாக்கியங்கள். நான் மாணவிகளை மனப்பாடம் செய்யச் சொன்னது இதுதான்: “லேபர் வார்டு ஸ்டாஃப் பேசுகிறேன். பிறந்து பதினைந்து நிமிடத்தில் 600 மில்லி போயிருக்கிறது, நாடி 118. இரண்டாவது பிரசவம், ஹீமோகுளோபின் எட்டரை. கருப்பை இறுகவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் உடனே வர வேண்டும்.” ‘வருகிறீர்களா’ அல்ல, ‘வர வேண்டும்’. 600 என்ற எண் கையில் இருந்தால் இளைய செவிலியரும் அந்தச் சொல்லைத் தயங்காமல் சொல்லிவிடுவார். அளவு இல்லாதவர் குரலில் கெஞ்சல் வந்துவிடுகிறது.

ஆட்கள் வந்துவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தக் கூடாது. ஒருவர் பிசைகிறார், ஒருவர் இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஏற்றுவதற்கான வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போடுகிறார், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறார், ஒருவர் தாயின் தலைமாட்டில் நிற்கிறார். தலைமாட்டில் நிற்பவர் சும்மா நிற்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், மேலே தெரியும் முகம் ஒன்றுதான் அவளுக்கு ஆதாரம்.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். தமிழ்நாட்டில் பேறுகால இறப்பு 2018-20 கணக்கெடுப்பில் லட்சம் பிறப்புக்கு 54 என்ற அளவுக்கு இறங்கியிருந்ததையும், அண்டையில் கேரளம் 19-இல் இருந்ததையும், அந்த இடைவெளியைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், முடியவில்லை. நெருக்கடி முடிந்த பிறகு செவிலியரின் மனத்தை யார் பார்த்துக்கொள்வது என்று எழுதிவைத்த இரண்டு பக்கமும் அப்படியே இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அன்றிரவு வேன் கிளம்பிப் போன பிறகு, விடியற்காலையில், அறையைத் துடைக்கும் அந்த அம்மா எனக்கு ஒரு தேநீரைக் கொடுத்துவிட்டு, ஊறவைத்திருந்த துணிகளை வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் எண்ணினார். ஏழு. திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை, எண்ணிக் காட்டினார். நான் கேஸ் ஷீட்டில் ‘சாதாரணம்’ என்ற சொல்லை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் ‘துணி ஏழு, முழுக்க நனைந்தது’ என்று எழுதி, நேரமும் கையெழுத்தும் போட்டேன். வணக்கம்.