டி அண்ட் டி நைட்டுக்கு நம்ம வீட்டு பலகாரம் | சுங்கை சிப்புட் கிச்சன்ல ஒரு பூதம் செய்யுறோம்

ஹாய் வணக்கம் மக்களே, பின்னாடி கேக்குறது மழ, மதியம் தாண்டுனா இங்க மலேசியா சுங்கை சிப்புட்ல இப்படித்தான், தகர கூர மேல கொட்டுற கொட்டுல என் குரல் கேக்கலனா சவுண்ட கொஞ்சம் ஏத்தி வச்சுக்குங்க. இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு நம்ம வீட்டு ஹால்ல கேம் நைட். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974-ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேந்து கொண்டு வந்த விளையாட்டு, ஒருத்தர் கதை சொல்வாரு, அவருதான் டிஎம், மத்தவங்க மந்திரவாதி வீரன்னு ஆளுக்கொரு வேஷம், நீ எடுத்த காரியம் நடக்குமா நடக்காதாங்கறத டைஸ் சொல்லும். பாட்டி என்னடா இதுன்னு கேட்டப்ப இருபது மூஞ்சி உள்ள தாயக்கட்டை பாட்டின்னு காட்டுனேன், கையில வாங்கி திருப்பி திருப்பி பாத்துட்டு "இதுல தாயம் எங்கடா இருக்கு"ன்னாங்க.

சரி சாப்பாட்டுக்கு வரேன். இந்த மாதிரி தீம் ஸ்நாக்ஸ்னு தேடுனா வர்ற வீடியோ எல்லாம் ஓவன், சீஸ், அது இதுன்னு போகும். நம்ம வீட்டுல ஓவன் இல்ல. இருக்குறது ஸ்டீமரும் வடச்சட்டியும். ஆனா யோசிச்சு பாத்தா லா, இந்த விளையாட்டுல வர்ற பாதி சாமான் நம்ம பாசார்ல, அதான் சந்தையிலயே இருக்கு.

மொதல்ல இன்னைக்கு ஹீரோ, ஜெலட்டினஸ் கியூப். இது ஒரு பூதம், பத்தடிக்கு பத்தடி சதுரமா கண்ணாடி மாதிரி இருக்கும், சுரங்க வழிய அடைச்சுக்கிட்டு மெதுவா ஊந்து வரும், கண்ணுக்கு தெரியாததால நாமளே நடந்து போய் உள்ள மாட்டிக்குவோம், அதுக்கு முன்னாடி மாட்டுனவன் எலும்பு வாள் எல்லாம் உள்ள மிதக்கும். பேருதான் ஜெலட்டின், நான் ஜெலட்டின் தொட மாட்டேன். எங்க க்ரூப்புல ஒரு மலாய்க்கார தோழி இருக்கா, இன்னொருத்தன் சுத்த சைவம், ஜெலட்டின் மாட்டுல இருந்து வந்துச்சா பன்னியில இருந்து வந்துச்சான்னு பாக்கெட்ட பூதக்கண்ணாடி வச்சு படிக்க என்னால ஆகாது. அகார் அகார் கடல் பாசி, ரெண்டு பேரும் சாப்பிடலாம். அதோட ஜெலட்டின் நம்ம ஊரு சூட்டுக்கு மேசையிலயே இளகி ஓடிரும், அகார் அகார் உருகணும்னா ஏறக்குறைய 85 டிகிரி சூடு வேணும், ஃபேனுக்கு கீழ மூணு மணி நேரம் வச்சாலும் சொன்ன இடத்துல நிக்கும்.

பத்து கிராம் பவுடர், ஒரு லிட்டர் தண்ணி, சீனி உங்க இஷ்டம், பச்ச தண்ணியிலயே பவுடர கலக்கிட்டு அப்புறம் அடுப்புல வைங்க, சூட்டுல கொட்டுனா கட்டி கட்டியா நிக்கும். நல்லா கொதிச்சு பவுடர் முழுசா கரையணும். எலும்புக்கு தேங்காய் பத்தை, சின்னதா எலும்பு மாதிரியே செதுக்குனேன், மண்டை ஓட்டுக்கு லைச்சி பழம். போன தடவ எல்லாத்தையும் ஒண்ணா ஊத்தி விட்டேன், தேங்காய் பூரா மேல வந்து மிதந்துருச்சு, பூதம் இல்ல அது, வெள்ளம் வந்த வீடு. இப்ப பாதி ஊத்துங்க, மேல தோலு மாதிரி கட்டுனதும், தொட்டா விரல்ல லேசா ஒட்டணும், அந்த நேரத்துல எலும்ப அடுக்கிட்டு மீதிய சூடா ஊத்துங்க. ரொம்ப நேரம் விட்டு முழுசா கட்டி போச்சுன்னா ரெண்டு அடுக்கும் ஒட்டாது, வெட்டும்போது மேல் மாடி தனியா வழுக்கி வந்துரும்.

அடுத்தது குட்பெர்ரி. கேம்ல இது ஒரு மந்திரம், கையில பத்து பழம் வரும், ஒண்ணு சாப்பிட்டா ஒரு பாயிண்ட் உயிர் கூடும், அதோட அன்னைக்கு பூரா பசிக்காது. நமக்கு இது ஒண்டே ஒண்டே, உள்ள சக்கரை வச்ச பச்ச உருண்டை பலகாரம், நம்ம வடக்கு பக்கம் புவா மெலாக்கான்னு சொல்வாங்க. பூலூட் மாவு, அதான் ஒட்டு அரிசி மாவு, 250 கிராம், பண்டான் இலைய அரைச்சு புழிஞ்ச தண்ணி ஒரு 200 மில்லி வரைக்கும் போகும், ஒரேடியா ஊத்தாதீங்க. கூலா மெலாக்கா, அதான் தென்ன வெல்லம், அத கடலைப்பருப்பு சைசுக்கு நறுக்கி உள்ள வச்சு உருட்டுங்க, ஒரு கீறல் இருந்தாலும் கொதிக்கிற தண்ணியில சக்கரை பூரா வெளிய போயிரும். மேல மிதந்து வந்ததும் எடுத்துறாதீங்க, இன்னும் ஒரு நிமிஷம் விடுங்க, அப்பத்தான் உள்ள உருகும். மேல பெரட்டுறதுக்கு துருவுன தேங்காய உப்பு ஒரு சிட்டிகை போட்டு அவிச்சுக்குங்க, இல்லனா ராத்திரிக்குள்ள ஊசிரும்.

இந்த மந்திரத்த பாட்டிகிட்ட சொன்னேன். ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன கை அது, காலையில இருட்டோட பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கெடுக்குற எடத்துக்கு போனவங்க. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "ஒரு பழத்துல ஒரு நாள் பசி போகுமா? அப்ப அந்த காலத்துல கணக்கு எழுதுற தோட்டத்து கிராணிமாரு அரிசிக்கு பதிலா அதத்தான் குடுத்திருப்பான், சம்பளத்துலயும் புடிச்சிருப்பான்"ன்னாங்க. நான் சிரிச்சேன், அவங்க சிரிக்கல.

ஒண்டே ஒண்டே முழுசா வாயில போடணும் மக்களே, இது ரூல். போன மாசம் ஒருத்தன் பாதி கடிச்சான், கூலா மெலாக்கா பீச்சி டிஎம் வரைஞ்சு வச்ச மேப் மேல போய் விழுந்துச்சு. டிஎம் அசரல, அந்த இடம் இனிமே சேத்துக்குழி, உள்ள போனா கால் மாட்டும்னு அறிவிச்சுட்டான். இன்னைக்கு வரைக்கும் அந்த கறைய சுத்தித்தான் போறோம்.

மருந்து தண்ணி ஈசி, ரோஸ் சிரப்புல செலாசி விதை, அதான் சப்ஜா விதை, ஊற போட்டது. கோழி எசன்ஸ் குடிச்ச சின்ன போத்தல் வீட்டுல நெறைய இருந்துச்சு, வாசம் போற வரைக்கும் ரெண்டு தடவ கொதிக்க வச்சு கழுவுனேன். கேம்ல அடி பட்டவன் இத குடிச்சுட்டு நாலு பக்க டைஸ் ரெண்ட உருட்டி வர்றதோட ரெண்டு கூட்டிக்கணும், கொறஞ்சது 4, மிஞ்சுனா 10.

அப்புறம் மிமிக், பொட்டி மாதிரி நடிச்சு ஆள கடிக்கிற பூதம். கரிபாப், அதான் எண்ணெயில பொரிக்கிற கறி பஃப், அது ஓரத்துல மடிச்சு மடிச்சு விடுவோம்ல, அதுவே பல்லு வரிசை மாதிரி இருக்கு, ரெண்டு மிளகு வச்சா கண்ணு. ஆனா எண்ணெய். எண்ணெய் கையோட டைஸ தொட்டா வழுக்கும், கேரக்டர் பேப்பர்ல பென்சில் ஏறாது. அதனால கரிபாப் பிரேக்குல மட்டும், அச்சு முறுக்கு மேசையில இருக்கலாம் ஆனா சாப்ஸ்டிக்ல எடுக்கணும். கேலி பண்ணாதீங்க, ஒரு தடவ பழகுனா விட மாட்டீங்க.

சரி, அகார் அகார் கட்டிருச்சு, வெட்டிட்டேன், இந்தா கேமராவுல பாருங்க, எலும்பு தெரியுதா? ஆறுக்கு ஆறு, மொத்தம் 36 துண்டு. டைஸ் எடுத்துட்டு வரேன் இருங்க.

...ம். முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு. முப்பத்திரெண்டு தான் இருக்கு. பாட்டீ! பாட்டி, வாய தொறங்க!