அமுக்கரா சேர்த்த பலாப்பழ ஸ்மூத்தி

நேயர்களுக்கு வணக்கம்.

பண்ருட்டிப் பலா வரத்துக் காலத்தில் கடலூரிலும் புதுச்சேரியிலும் பலர் வீட்டிலேயே பழ ஸ்மூத்தி போட்டுக் குடிக்கிறார்கள். உடம்புக்குத் தெம்பு கிடைக்கட்டும் என்று அதில் அஸ்வகந்தா என்றும் சொல்லப்படும் அமுக்கரா பொடியையும் ஒரு கரண்டி தூவிவிடுகிறார்கள். தப்பு நடப்பது அந்தக் கரண்டியில்தான். பழமும் பாலும் உணவு. ஒரு சுளை கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது. அமுக்கரா மருந்து வேர். அதைக் கண்ணளவில் போடக் கூடாது, பச்சையாகவும் போடக் கூடாது.

முதலில் வாங்கும்போது கவனிக்க வேண்டியது. நாட்டு மருந்துக் கடையில் முடிந்தவரை கிழங்காகவே கேட்டு வாங்குங்கள். நல்ல அமுக்கராங்கிழங்கு பென்சில் பருமனில், நுனி மெலிந்து இருக்கும். மேல்தோல் மங்கிய பழுப்பு. ஒடித்தால் நார் இழுக்காமல் பட்டென்று முறியும். உள்ளே மாவு போல வெளுப்பாக இருக்கும். நார் நாராகப் பிரிந்தால் அது தண்டாக இருக்கலாம். பொடியாக வாங்கினால் நிறத்தைப் பாருங்கள். பச்சை ஓடியிருந்தால் இலையைச் சேர்த்து அரைத்திருக்கலாம். இலையைத் தவிர்த்து வேரை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021-இலேயே தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. கடையில் 'அமுக்கரா' என்று மட்டும் கேட்டால் அமுக்கரா சூரணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சூரணம் என்பது தனிப்பொடி அல்ல. கிராம்பு, சிறுநாகப்பூ, ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு, அமுக்கரா என்று ஒன்றைவிட ஒன்று இரட்டித்துக்கொண்டே போகும் சித்த மருந்து அது. அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. அதை ஸ்மூத்தியில் போட்டால் சுக்கும் திப்பிலியும் பழத்தின் வாசனையையே அடித்துவிடும், வேண்டாத சர்க்கரையும் சேரும். ஆகவே 'சுத்தி செய்த அமுக்கராங்கிழங்குப் பொடி' என்று முழுசாகச் சொல்லிக் கேளுங்கள். பால் கலந்த நீரின் ஆவியில் பிட்டு போல அவித்து, உலர்த்தி, மறுபடி பொடித்ததையே சித்த மருத்துவத்தில் சுத்தி செய்தது என்பார்கள்.

இனி அளவு. இரண்டு டம்ளர் ஸ்மூத்திக்குத் தலை தட்டிய 1 டீஸ்பூன் பொடி போதும். 5 மில்லி பிடிக்கும் டீஸ்பூனில் அள்ளி, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டால் ஏறக்குறைய இரண்டரை முதல் 3 கிராம் நிற்கும். ஆளுக்கு ஒன்றரை கிராமுக்குள் வரும். குவித்து அள்ளினால் அதுவே இரட்டிப்பாகும். சாப்பிடுகிற பெரிய ஸ்பூனில் அள்ளினால் மூன்று மடங்கு. வயிற்றைப் புரட்டுவதும் பேதியாவதும் பெரும்பாலும் இப்படி அளவு மீறுவதால்தான். கேப்சூலைப் பிரித்துக் கொட்டும் வழக்கமும் வேண்டாம். பல கேப்சூல்களில் இருப்பது செறிவூட்டிய சாரம். பொடிக்குச் சொன்ன அளவு அதற்குப் பொருந்தாது.

இரண்டு பேருக்குத் தேவையானவை: காய்ச்சிய பால் 300 மில்லி, கொட்டை நீக்கிய பலாச்சுளை 100 கிராம், அதாவது நடுத்தரச் சுளை ஐந்தாறு, பழுத்த வாழைப்பழம் 1, கொட்டை நீக்கிய பேரீச்சை 2, முந்திரி 8, ஏலக்காய் 1. முந்திரிக்கு முழுப்பருப்புத் தேவையில்லை. அரைக்கத்தானே போகிறோம், பண்ருட்டிப் பக்கம் விலை மலிவாகக் கிடைக்கும் உடைசலே போதும்.

முந்திரியையும் பேரீச்சையையும் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். சுளைகளைக் கீறி, கொட்டையைச் சுற்றியிருக்கும் மெல்லிய தோலையும் வெளிச்சடையையும் எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் போடுங்கள். குளிர்ச்சி அதிலிருந்தே வந்துவிடும்; ஐஸ் கட்டி வேண்டாம். ஐஸ் உருகினால் ஸ்மூத்தி நீர்த்துப் போகும். வெளியில் வாங்கும் பார் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்ததோ, அதை நம்பிக் குடிப்பதற்கில்லை.

அடுத்து வேர். இதில் அவசரப்படக் கூடாது. பொடியை இரண்டு மேசைக்கரண்டி ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பாத்திரத்தில் 100 மில்லி பாலைச் சூடாக்கி, கரைசலை ஊற்றி, சிறு தீயில் 3 நிமிடம் கிண்டிக்கொண்டே கொதிக்க விடுங்கள். இந்தக் கிழங்கில் மாவுச்சத்து அதிகம். சூடு பட்டால்தான் அது உப்பி வெந்து பாலோடு சேரும். குளிர்ந்த பாலில் நேரே போட்டால் வேகாமல் நிற்கும். நாக்கில் மணல் மாதிரி நறநறக்கும், அடியில் தங்கும், கசப்பும் தூக்கலாகத் தெரியும். கொதிக்கும்போது பால் லேசாகக் கெட்டிப்பட்டு, கரண்டியின் முதுகில் மெல்லிய படலமாக ஒட்டும். அதுதான் பதம். ஏலக்காயைத் தட்டிப் போட்டு இறக்கி, வடிகட்டி, முழுக்க ஆற விடுங்கள். சூட்டோடு மிக்ஸியில் ஊற்றினால் ஆவி அழுத்தி மூடியைத் தூக்கியடிக்கும்.

அரைப்பதிலும் வரிசை உண்டு. முந்திரி, பேரீச்சை இரண்டையும் கொஞ்சம் பால் விட்டு முதலில் விழுதாக்குங்கள். பிறகு பலாச்சுளை, வாழைப்பழம். கடைசியில் அமுக்கராப் பாலும் மீதிப் பாலும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டால் முந்திரித் துண்டுகள் பிளேடில் சிக்காமல் மேலே சுற்றிக்கொண்டே இருக்கும். அரைத்த பின் வடிகட்டாதீர்கள், நார்ச்சத்து போய்விடும். வாழைப்பழம் காற்றுப் பட்டுக் கறுக்கும் என்பதால் 20 நிமிடத்துக்குள் குடித்துவிடுவது நல்லது.

இதில் ஒரு டம்ளரில் ஏறக்குறைய 240 கலோரி, 7 கிராம் புரதம், 25 கிராமுக்குக் குறையாத சர்க்கரை இருக்கும். சர்க்கரை முழுவதும் பழத்திலிருந்தும் பாலிலிருந்தும் வருவதுதான். மேலே சீனியோ தேனோ கொட்ட வேண்டியதே இல்லை. இட்லி தோசை சாப்பிட்ட பிறகு இதையும் குடித்தால் அது கூடுதல் சாப்பாடு. காலையில் இரண்டு இட்லியைக் குறைத்துக்கொண்டு குடியுங்கள். வெறும் வயிற்றில் சிலருக்குக் குமட்டும். அதனாலும் ஏதாவது சாப்பிட்ட பின் குடிப்பதே சரி. குடித்த பிறகு தூக்கம் அசத்தினால் வண்டி ஓட்ட வேண்டாம், நேரத்தை இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பலா முடிந்த பிறகு சப்போட்டா அருமையாகப் பொருந்தும், அமுக்கராவின் மண்வாசனையை நன்றாக மறைக்கும். அன்னாசியும் பப்பாளியும் பாலுக்கு ஆகாது. அவற்றிலுள்ள நொதிகள் பால் புரதத்தை உடைத்துக் கசக்க வைக்கும். அன்னாசி சீக்கிரம், பப்பாளி வைத்திருக்க வைத்திருக்க. அன்னாசிதான் வேண்டும் என்றால் துண்டுகளை 5 நிமிடம் வேகவைத்து ஆறவிட்டு, பாலுக்குப் பதில் தயிரில் அரையுங்கள்.

இந்த வேர் யாருக்கு ஆகாது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகளுக்கு வேண்டாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறவர்களும் தொடக் கூடாது, இது தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. கல்லீரல் நோய் உள்ளவர்கள், தூக்க மாத்திரையோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தோ எடுப்பவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் விட்டுவிட வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அளவுகள் மேலும் இறங்கலாம்; மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கருத்துப் போவது, உடம்பு அரிப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அன்றே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். கல்லீரல் பாதிப்பு அபூர்வம்தான், ஆனாலும் பதிவாகியிருக்கிறது. ஒன்றும் இல்லாதவர்களும் வருடக்கணக்கில் குடிக்கத் தேவையில்லை. இந்த வேரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் 8 முதல் 12 வாரம் வரை நடந்தவையே. அதற்கு மேல் தொடர வேண்டுமானால் அரசு மருத்துவமனை சித்தப் பிரிவில் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

அமுக்கரா ஆகாதவர்கள் வேரை விட்டுவிட்டு மற்றதை அப்படியே அரைத்துக் குடிக்கலாம், சத்தில் குறை வராது. வாசனைக்கு நன்னாரி வேண்டுமென்றால், தட்டிய வேரை வெந்நீரில் இரவு முழுவதும் மூடி வைத்து, வடித்த நீரில் இரண்டு மேசைக்கரண்டி சேருங்கள். கொதிக்க வைத்தால் மணம் ஆவியோடு போய்விடும். பாட்டில் நன்னாரி சர்பத்தை ஊற்றினால், பலவற்றில் சிட்ரிக் அமிலம் இருப்பதால் பால் திரிந்துவிடும்.

பொடியைக் காகிதப் பொட்டலத்திலேயே வைத்திருக்காதீர்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில், குறிப்பாக ஐப்பசி கார்த்திகை மழையில், வண்டு விழும், கட்டி தட்டும். 50 கிராமுக்கு மேல் வாங்காமல், உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் அடைத்து, வாங்கிய தேதியை மேலே எழுதி ஒட்டுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். மூன்று மாதம் தாண்டியதையும் பூஞ்சை வாடை அடிப்பதையும் சலித்துப் பார்த்துக் காப்பாற்ற வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.