ஏ.சி. இரும்புக்கு, வியர்வை எனக்கு: சென்னையில் மெக்கானிக்கல் இன்ஜினீயர் வேலை

[திரையில்: மேசை மீது ஓர் எஃகுத் தண்டு]

இந்தத் தண்டின் விட்டம் எவ்வளவு? 100 மில்லிமீட்டர் என்றால் பாதி மதிப்பெண்தான். "எந்தச் சூட்டில்?" என்று திருப்பிக் கேட்டவர்களுக்கு முழு மதிப்பெண். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாமல், ஒரே காலை ஷிஃப்டில் 14 தண்டுகளைப் பழைய இரும்பாக்கியவன் உங்கள் முன்னால் நிற்கிறேன். அந்தக் கதைக்கு வருவோம்.

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களும், அவர்களைவிட அதிகக் கவலையோடு அவர்களுடைய அப்பாக்களும் கேட்கும் கேள்வி: மெக்கானிக்கல் எடுக்கலாமா?

வரலாற்றை ஒரே மூச்சில் முடிக்கிறேன். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்தது. இன்றைய அசோக் லேலண்ட் 1948இல் வந்தது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் 1998. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021இல் ஃபோர்டு அறிவித்தபோது மறைமலைநகரும் அதில் அடங்கியது. வந்த கம்பெனி போகவும் செய்யும். அவ்வளவுதான் வரலாறு.

[திரையில்: விடியாத சாலை, ஒரு கம்பெனி பஸ்]

காலை 4:40. பாடி மேம்பாலத்துக்குக் கீழே, டீக்கடை அடுப்பு அப்போதுதான் பற்றியிருக்கும். கம்பெனி பஸ் ஏறினால் பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். ஆறு மணிக்கு ஏ ஷிஃப்ட். கார் வடிவமைக்கலாம் என்ற கனவோடு போன எனக்கு முதல் ஆண்டில் கிடைத்த வேலை நடப்பது, எண்ணுவது, "ஏன் ரிஜெக்ட் ஆனது?" என்று கேட்பது. பதில் வந்தால் அதற்கும் ஓர் "ஏன்". இப்படி ஐந்து முறை. வீட்டில் இப்படிக் கேட்டால் சோறு கிடைக்காது. அங்கே சம்பளம் கொடுக்கிறார்கள்.

இப்போது அந்த 14 தண்டுகள்.

மே மாதம். தண்டின் பொறியியல் வரைபடத்தில் அனுமதித்த விட்டம் 99.978 முதல் 100.000 மில்லிமீட்டர் வரை. அதாவது எனக்குக் கொடுக்கப்பட்ட இடம் 22 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. லேத்திலிருந்து, அதாவது கடைசல் இயந்திரத்திலிருந்து, தண்டு இறங்கியதும் மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவியை வைத்தேன். 99.990. பிரமாதம் என்று கையெழுத்துப் போட்டேன். 14 முறை போட்டேன்.

மறுநாள் காலை ஆய்வறையில் அதே தண்டு 99.965 காட்டியது. பதினான்கும் அப்படித்தான், சிறிது முன்பின்.

மூத்த ஆபரேட்டர் ஒருவர் என்னை மெஷினுக்கு அழைத்துப் போய், அப்போதுதான் இறங்கிய ஒரு தண்டின் மேல் என் புறங்கையை வைத்தார். சுரீர் என்றது. "தம்பி, அடுப்பிலிருந்து இறக்கிய பூரியை அளந்திருக்கிறீர்கள். ஆறினால் அமுங்கும்" என்றார்.

எஃகு, மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் நீளும். 100 மில்லிமீட்டர் தண்டுக்கு ஒரு டிகிரிக்கு ஒரு மைக்ரானும் கொஞ்சமும். என் தண்டு, கையிலிருந்த மைக்ரோமீட்டரைவிட 22 டிகிரி அதிகச் சூட்டில் இருந்தது என்று பிறகு கணக்குப் போட்டோம். பெருக்கிப் பாருங்கள்: 25 மைக்ரான். எனக்கு அனுமதித்த இடமே 22!

பழியைச் சென்னை வெயில் மீது போடலாம் என்று பார்த்தேன். நடக்கவில்லை. வெயிலில் மைக்ரோமீட்டரும் எஃகுதான், அதுவும் கூடவே வளரும். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். கடைந்த கையோடு அளந்த அவசரம்தான் குற்றவாளி. பெரிதாகிப்போன தண்டை மறுபடி கடையலாம். சிறுத்துப்போனதை என்ன செய்வது? சீவிய இரும்பைத் திரும்ப ஒட்ட அந்த ஆபரேட்டர் அண்ணனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். வரைபடத்தில் இருக்கும் எந்த அளவும் 20 டிகிரி செல்சியஸில்தான் உண்மை. 1931இல் உலக அளவில் இது முடிவானது. அதற்கு முன் பிரான்சுக்கு ஒரு சூடு, பிரிட்டனுக்கு ஒரு சூடு. ஸ்வீடனின் யோகான்சன் செய்த அளவுக் கட்டைகள், அதாவது அளவைச் சரிபார்க்கும் துல்லியமான எஃகுக் கட்டைகள், 20 டிகிரியைப் பரப்பின. நம் பட்டறைகளில் ஸ்லிப் கேஜ் என்பது அவைதான்.

[திரையில்: இரண்டு கட்டைகள், மிக அருகில்]

பாருங்கள். துடைக்கிறேன், குறுக்காக வைத்து லேசாக அழுத்தித் திருப்புகிறேன். கீழே இருப்பதை விட்டுவிட்டேன், விழவில்லை. பசை இல்லை, காந்தம் இல்லை. முகங்கள் அவ்வளவு மட்டம். இன்னொரு முறை செய்யட்டுமா? எடிட்டர் முறைக்கிறார்.

20 டிகிரியை நம் ஊரில் எங்கே தேடுவது? மார்கழி விடியற்காலையில் வரைபடமும் சென்னையும் கொஞ்ச நேரம் ஒத்துப்போகும். மற்ற நாள்களில் ஏ.சி. போட்ட அளவீட்டு அறைதான். அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, பூஜை அறைக்குப் போவதுபோல் நுழைய வேண்டும். கொண்டுபோன பாகத்தை உடனே அளக்கக் கூடாது. சில மணி நேரம் அங்கேயே கிடந்து ஆற வேண்டும். அம்மா தெரு முழுக்க "மகனுக்கு ஏ.சி. ரூமில் வேலை" என்று சொல்லிவைத்திருந்தார். அந்த ஏ.சி. இரும்புக்கு, அம்மா. நான் வெளியே மெஷின் பக்கத்தில் நனைந்துகொண்டிருந்தேன்.

சம்பளம்? முதல் சில ஆண்டுகள் மென்பொருள் பக்கம் போன நண்பனைப் பார்த்துப் பெருமூச்சு விடுவீர்கள். நான் விட்டேன். மின்சார வண்டி வந்தால் வேலை போகுமா? இன்ஜின் பாகங்கள் குறையும். பேட்டரிச் சூட்டைத் தணிக்கும் வேலை கூடும். அதுவும் மெக்கானிக்கல்தான். என் கருத்தைக் கேட்டால்: பழைய மிக்ஸியைக் கழற்றாமல் இருக்க முடியாதவர்கள் எடுக்கலாம். மதிப்பெண்ணுக்கு இந்தப் பிரிவுதான் கிடைத்தது என்பவர்கள், சேரும் முன் ஒரு முழு ஷிஃப்ட் யாருடனாவது நின்று பாருங்கள். எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் யாராவது விடிவதற்கு முன் கம்பெனி பஸ் ஏறியிருந்தால், எந்த ஸ்டாப் என்று கமெண்டில் எழுதச் சொல்லுங்கள். பாடி மேம்பாலம் என்றால், அந்த டீக்கடையில் எனக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. போகிறபோது கொடுத்துவிடுங்கள்.