சம்பளத்துக்கு வரைந்த சங்கர்

(பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் இளம் ஓவியர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். காலையிலேயே பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வந்திருக்கும் ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

ஒரு படத்தைச் சொல்கிறேன். நடுநிசி, மயானம். உருவிய வாளோடு ஓர் அரசன் நடக்கிறான், தோளில் பிணம். சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசையில் இருக்கும் மூத்தவர்கள் சிரித்துவிட்டீர்கள். அரசன் விக்கிரமன், பிணத்துக்குள் வேதாளம், கதை வந்த சிறுவர் இதழ் அம்புலிமாமா, மூன்று பெயரும் உங்களுக்குத் தெரியும். வரைந்தவர் யாரென்று கேட்டால்தான் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறீர்கள்.

அவர் கே. சி. சிவசங்கரன். வாசகர்களுக்கு அவர் வெறும் 'சங்கர்'. 1924இல் கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, சிறு வயதிலேயே சென்னைக்கு வந்து, அரசு ஓவியப் பள்ளியில் படித்தவர். அப்போது அந்தப் பள்ளியின் முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவுக்குப் போனவர்கள் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பேர் பாறையை நெம்புகிறார்களே, அதை வடித்தவர் அவர்தான். பாரம் எந்தத் தசையில் இறங்குகிறது, எந்தக் கால் அதை வாங்கிக்கொள்கிறது என்று அந்தச் சிலையிலேயே படிக்கலாம். அங்கே பயின்ற கை பிற்பாடு விக்கிரமனை வரைந்தது. பிணம் கனப்பது நமக்குத் தெரிகிறது, நடையோ தளரவில்லை. இரண்டுக்கும் நான் போடுகிற முடிச்சு என் ஊகம்தான். ஆனாலும் இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

1946இல் கலைமகள் இதழில் வேலைக்குச் சேர்ந்தார். 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு மாறினார். நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இதழ் அது. பிறகு பன்னிரண்டு மொழிகளுக்கு மேல் பரவியது. மொழி மாறினாலும் படம் ஒன்றுதான். ஒரே அரசனைத் தமிழ்ப் பிள்ளையும் மராத்திப் பிள்ளையும் ஒடியாப் பிள்ளையும் தன் ஊர் அரசன் என்று நம்ப வேண்டும். சங்கரின் அரண்மனைகளில் எந்த ஊர் முத்திரையும் அழுத்தமாக விழாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி வேதாளத்துக்கு வருவோம். பழைய வடமொழி நூலில் இருப்பது 25 கதைகள். அம்புலிமாமாவோ அதைப் பல பத்தாண்டுகள் நடத்தியது! எப்படி? முருங்கை மரம், பிணம், வழியில் வேதாளம் கதை சொல்லிப் போடும் புதிர், விடை சொல்ல அரசன் வாய் திறந்ததும் பிணத்தோடு மீண்டும் மரம் என்ற சட்டகத்தை வைத்துக்கொண்டு, உள்ளே மாதாமாதம் புதுக் கதையைப் பொருத்தினார்கள். 1960களில் சங்கர் வரைந்த அந்த மயானப் படம்தான் வாசல். வாசல் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் வீட்டை மட்டும் மாதந்தோறும் புதிதாகக் கட்ட வேண்டும். இம்மாதம் வணிகன் மகள் கல்யாணம், அடுத்த மாதம் காட்டில் ஒரு தவசி. தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையை எப்படி வைப்பது, பல்லக்கை எந்தத் தோளில் தாங்குவது, சமையல்கட்டில் என்ன பாத்திரம் கிடக்கும் என்றெல்லாம் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுத்தாளர் 'அரண்மனை' என்று ஒரு சொல்லில் தாண்டிவிடலாம். ஓவியர் தாண்ட முடியாது.

அதைவிடக் கடினம், எந்தக் கணத்தை வரைவது என்பது. புதிர்க்கதையில் விடையைப் படத்திலேயே காட்டிவிட்டால் எழுத்தை யார் படிப்பார்கள்? குட்டு உடைவதற்கு ஒரு மூச்சு முன்னால் படம் நிற்க வேண்டும். அதற்கு ஓவியர் கதையை முழுக்கப் படித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். சங்கரின் பெரிய திறமை இதுதான் என்பேன், கோட்டழகெல்லாம் இதற்கு அப்புறம்.

எங்கள் வீட்டில் சித்ரா கட்சி, சங்கர் கட்சி என்று இரண்டு இருந்தன. சித்ரா என்றால் டி. வி. ராகவன், அதே இதழின் மூத்த ஓவியர். பூதம், விசித்திர மிருகம் என்றால் அண்ணனுக்குச் சித்ரா, ஆசிரமமும் அரண்மனையும் என்றால் எனக்குச் சங்கர். தோட்டத்து லயத்தில் வீடு வீடாகக் கைமாறி, அட்டை கிழிந்து வந்த இதழை வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

இதெல்லாம் மாதச் சம்பளத்துக்குச் செய்த வேலை. கெடு தவறாமல், இதழ் நிற்கும்வரை ஏறத்தாழ 60 ஆண்டு. நிலையான சம்பளமும் நிலையான இதழும் கிடைத்ததால்தான் அந்தக் கை அப்படிப் பழுத்தது. நம்மூரில் சிறுவர் நூல் போடுகிறவர்கள் என்ன செய்கிறோம்? எழுதி, திருத்தி, அச்சகத்தில் விலை பேசி முடித்த பிறகு கடைசியாக ஓவியருக்குப் போன் போடுகிறோம். "தமிழுக்காகச் செய்து கொடுங்க தம்பி." அச்சகத்துக்காரரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்களேன்! சங்கருக்கும் பத்மஸ்ரீ 2021இல்தான் வந்தது. அவர் 2020 செப்டம்பர் 29 அன்றே, 96 வயதில் காலமாகிவிட்டார்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் வகுப்பில் ஒரு கதையைப் படித்துக்காட்டி, ஒரே ஒரு படம் வரையச் சொல்லுங்கள். முடிவை வரையக்கூடாது என்பது மட்டும் விதி. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு கணத்தைப் பிடிக்கும், ஏன் அதைப் பிடித்தாய் என்று கேளுங்கள். அந்தப் பதில்களில்தான் எந்தப் பிள்ளை கதையைப் படிக்கிறது என்று தெரியும். நன்றி.