கடிகாரக்காரர்கள் செய்த ரீல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சத்தத்திலிருந்து தொடங்குகிறேன். தூண்டில் நூலைச் சுற்றிவைக்கும் பழைய ரீல் ஒன்றைக் கையில் எடுத்து, கைப்பிடியை மெல்லச் சுற்றிப் பாருங்கள். ‘டிக், டிக், டிக்’ என்று கேட்கும். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது வருமே, அதே மாதிரி. இரண்டிலும் உள்ளே இருப்பது ஒரு பற்சக்கரமும் அதில் தட்டித் தட்டி விழுகிற ஒரு சின்ன நாக்கும்தான்.

இந்த உறவு சத்தத்தோடு நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்று ஒருவர் இருந்தார். வெள்ளி வேலையும் கடிகார வேலையும் தெரிந்தவர். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் நூல் உருளை பல சுற்று ஓடும்படி பற்சக்கரம் வைத்து ரீல் செய்தார். அவருக்குப் பின் அந்த வட்டாரத்தில் ரீல் செய்தவர்களிலும் கடிகாரக்காரர்கள் உண்டு. சுவீடனின் ஆபு நிறுவனம் 1921இல் தொடங்கியதே கடிகாரம் செய்வதற்காகத்தான். ‘ஏபி உர்ஃபாப்ரிக்கன்’ என்பதன் சுருக்கம்தான் ஆபு; அதில் உள்ள ‘உர்’ என்பதற்கு அவர்கள் மொழியில் கடிகாரம் என்று பொருள். வாடகைக் காருக்கு மீட்டரும் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து அந்த வியாபாரம் படுத்த பிறகுதான் ரீல் பக்கம் வந்தார்கள். பிரான்சின் மிட்செல் ரீல் பிறந்த குளூஸ் என்ற ஊரும் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போனது.

அதனால், பழைய பொருட்கள் குவிந்த பெட்டியில் ரீல் ஒன்று தட்டுப்பட்டால் நான் முதலில் பெயரைப் பார்ப்பதில்லை, காதருகே வைத்துச் சுற்றிப் பார்க்கிறேன். கனமாக, இறுகிச் சுற்றினால் பயமில்லை. பல வருடத்துக் கிரீஸ் உள்ளே மெழுகாகக் கெட்டிப்பட்டிருக்கும், திருகைக் கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும். லேசாகச் சுற்றி, நடுவில் ஓரிடத்தில் மட்டும் ‘கரக்’ என்று நழுவினால்தான் யோசிக்க வேண்டும். பல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தேய்ந்த சக்கரத்துக்கு மாற்று கிடைக்கவேண்டுமென்றால் அதே மாதிரி இன்னொரு செத்த ரீல் கிடைக்கவேண்டும்.

பழைய மூங்கில் தூண்டில் கோலுக்குக் காது பத்தாது, கண் வேண்டும். நான் சொல்லும் கோல் முழு மூங்கில் அல்ல. மூங்கிலைப் பிளந்து, முக்கோணப் பட்டைகளாக இழைத்து, ஆறு பட்டைகளை ஒட்டிச் செய்தது. குறுக்கே வெட்டினால் அறுகோணமாக இருக்கும். மூங்கிலின் வலுவெல்லாம் வெளித்தோலை ஒட்டிய நாரில்தான் இருக்கிறது. ஆகவே அந்தப் பக்கத்தில் அதிகம் கை வைக்காமல் உள்பக்கத்தையே இழைப்பார்கள், அதுவும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். இதற்கான மூங்கில் தென்சீனாவிலிருந்து வந்தது. 1950இல் அமெரிக்கா சீனாவோடு வணிகத்தை நிறுத்தியது. அங்கே மூங்கில் வரத்து நின்றது, கண்ணாடி இழைக் கோல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கைவேலையின் ஒரு காலம் இப்படி ஒரு அரசியல் முடிவால் சுருங்கிப்போனது.

கோலைக் கண்ணுக்கு நேரே நீட்டி, துப்பாக்கியில் குறி பார்ப்பது போலப் பாருங்கள். வளைவு தெரியும். அப்புறம் கோலின் துண்டுகளை இணைக்கும் பித்தளைப் பூணைப் பிடித்து இழுங்கள். ‘பொப்’ என்று ஒரு சத்தத்தோடு கழன்றால், செய்தவருடைய கைக்கு ஒரு வணக்கம் வைக்கலாம். நூல் ஓடும் வளையங்களை நகத்தால் தடவுங்கள். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் புது நூலை அறுத்துவிடும். பெட்டியோடு வரும் பழைய நைலான் நரம்பை யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். ஈயக்குண்டுகளைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

சில பெட்டிகளில் ராட்டை மாதிரி ஒரு மரச் சக்கரம் கிடைக்கும். இது எதற்கு என்று நிறையப் பேர் முழிப்பார்கள். நைலான் வருவதற்கு முன்னால் தூண்டில் நூல் பட்டில் இருந்தது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மட்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் நூல் முழுவதையும் அந்தச் சக்கரத்தில் சுற்றி உலர்த்தியாகவேண்டும். 1938இல் நைலான் அறிவிக்கப்பட்டது. கொஞ்ச காலத்தில் சக்கரத்துக்கு வேலையில்லாமல் போனது. மீன் பிடித்துக் களைத்து வந்த மனிதர் விளக்கடியில் உட்கார்ந்து அதைச் சுற்றிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்ப்பேன்.

பொய் இரைகளில் எனக்குப் பிடித்த கதை பின்லாந்தின் லௌரி ரபாலாவுடையது. 1936இல் அவர் செய்த இரைக்கு உடம்பு தக்கை, பளபளப்பு சாக்லேட் சுற்றிவந்த தாள், மேல்பூச்சு உருக்கிய புகைப்படச் சுருள். வீட்டில் குப்பையாகப் போகவேண்டிய பொருட்கள்தான்!

என்னுடைய முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் கிடைத்த பித்தளை ரீலைப் பாலிஷ் போட்டுத் தேய்த்துத் தங்கம் போல ஆக்கினேன். பழுப்பு நிறம் போனது. பொறித்திருந்த எழுத்தும் பாதி போனது. இப்போது அதை யார் செய்தார்கள் என்றே படிக்க முடியவில்லை. உலர்ந்த துணி, ஒரு சொட்டு எண்ணெய், அதோடு கையை நிறுத்திக்கொள்ள நான் கற்றது அன்றைக்குத்தான்.

இன்னொரு ரீல் இருக்கிறது. கோலில் உட்காரும் அதன் காலை, முன்பு வைத்திருந்த யாரோ அரம் போட்டு ராவியிருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் இதைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார்கள், மதிப்புக் குறைந்துவிட்டது என்பார்கள். எனக்கு அந்த அரத் தடம்தான் பிடிக்கிறது. அவரிடம் ஒரு கோல் இருந்திருக்கிறது, இந்த ரீல் அதில் நுழையவில்லை, அடுத்த நாள் காலையில் மீன் பிடிக்கப் போகவேண்டும், அரத்தை எடுத்துவிட்டார். என் கோல்களில் அது ஆடுகிறது. கச்சிதமாகப் பொருந்தும் கோலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.