இடது பக்கம் மட்டும் மாத்திப் பாத்தேன்

ஒரு நிமிசம் பொறுங்க... செங்கோட்டை வண்டி போவுது. நம்ம வீடு கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனுக்குப் பக்கம். வண்டி போச்சுன்னா மைக்குல வேற எதுவும் ஏறாது.

ம், போயிட்டு. வணக்கம்.

இந்தா மேசையில கிடக்குல்லா, இது எங்க பெரியப்பாவோட ஆம்ப்ளிபயர். 1980கள்ல வந்த ஜப்பான் செட்டு. கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா அதுக்குன்னு இருக்க ரசிகர் கூட்டம் சண்டைக்கு வந்துரும். மூடியைக் கழட்டுனதுல இருந்து ஆளாளுக்கு ஒரே கேள்வி: கண்டன்சர் மாத்துனா சத்தம் மாறுமா, ஐசி மாத்துனா மாறுமா, வயர் மாத்துனா மாறுமா? மாறும்யா. நானே மாத்திக் கெடுத்திருக்கேன். அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கேன்.

போன வருசம் டோன் கண்ட்ரோல் போர்டுல இருந்து மெயின் போர்டுக்குப் போற வழியில ஒரு கண்டன்சர் கிடந்துச்சு. 4.7 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், கண்டன்சரோட அளவு), சாதா எலக்ட்ரோலிட்டிக், அதாவது உள்ள ஈரம் வச்ச வகை. நான் என்ன பண்ணுனேன், "பாட்டு போற வழியில எலக்ட்ரோலிட்டிக் ஆகாது, பிலிம்தான் போடணும்"னு எங்கயோ கேட்டதை நம்பி பிலிம் கண்டன்சர், அதாவது பிளாஸ்டிக் தாள் சுத்துன வகை, வாங்குனேன். 4.7 பிலிம் நம்ம கட்டைவிரல் தண்டிக்கு இருக்கு, போர்டுல உக்காராது. சவம், சின்னதாப் போடுவோம்னு 0.1 போட்டுட்டேன். ஈயத்தால பத்த வச்சு, மூடியை மாட்டி, பாட்டைப் போட்டேன். பக்கத்துல மச்சான் உக்காந்திருந்தான். கேட்டவுடனே, "எல, என்னா தெளிவு! ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா விழுதுல"ன்னான். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ரெண்டு நாள் அந்த சந்தோசத்துலயே இருந்தேன்.

மூணாவது நாள் ஒரு தவில் பதிவு போட்டேன். தவிலு எங்க? கும்முன்னு அடிக்கிற பக்கம், அந்தத் தொப்பியே காணோம். இன்னொரு பக்கம், வலந்தலை மட்டும் டக்கு டக்குன்னு கேக்கு.

அப்புறம்தான் பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன். சுருக்கமா ஒரு கணக்கு சொல்லுதேன், குறிச்சுக்கிடுங்க. 159ஐ எடுத்து, கண்டன்சருக்கு அடுத்து இருக்க கிலோ ஓமால வகுங்க, வந்ததை எம்எஃப்டியால வகுங்க. எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழ சத்தம் சரிய ஆரம்பிக்குதோ அந்த எண்ணு வந்து நிக்கும். என் செட்டுல மெயின் போர்டோட நுழைவு 10 கிலோ ஓம். 4.7 இருந்தப்போ 3.4 ஹெர்ட்ஸ். அது காதுக்கு எட்டாத இடம், ஒரு பாதிப்பும் இல்ல. 0.1 போட்டதும் 159 ஹெர்ட்ஸ். அப்போ 80 ஹெர்ட்ஸ்ல ஏறத்தாழ 7 டெசிபல் காலி. நான் தெளிவைக் கொண்டாரல மக்களே, பேஸை, அதான் அடிச் சத்தத்தை, வழிச்சு வெளிய ஊத்திருக்கேன்.

ஆனா மச்சான் பொய் சொல்லல. தெளிவாத்தான் கேட்டுச்சு. ஏன்னு பெரியப்பாகிட்ட கேட்டா அவரு சிரிச்சிட்டாரு. அவரு நாப்பது வருசம் கோயில் கொடைக்கு ரேடியோ செட் கட்டுனவரு. பனைமரத்துல குழாயைக் கட்டி விட்டா வில்லுப்பாட்டு ரெண்டு வயக்காடு தாண்டியும் வார்த்தை பிசகாமக் கேக்கும். அந்தக் குழாய்ல அடிச் சத்தமே கிடையாது. முந்நூறு, நானூறு ஹெர்ட்ஸுக்குக் கீழ அது ஒண்ணுத்தையும் தள்ளாது. பெரியப்பா சொல்லுவாரு, "குடம் அடிக்கிறது மேடைக்கு முன்னால இருக்கவனுக்குத்தான்ல, குழாய்ல கேக்கிறவனுக்கு வெறும் ஜால்ராதான்." வில்லுல குடத்தோட கும்முங்கிற சத்தம் அத்தனையும் குழாய் தின்னுரும். அதனாலதான் பாடுறவரு வார்த்தை அவ்வளவு சுத்தமா வருது. நான் ஆயிரக்கணக்குல செலவழிச்சு ஸ்டீரியோ செட்டை கொடைக் குழாயா மாத்தியிருந்திருக்கேன், அவ்வளவுதான் நடந்தது.

இப்ப அந்த இடத்துல புது எலக்ட்ரோலிட்டிக் 4.7தான் இருக்கு. தொப்பி திரும்பி வந்துட்டு.

இன்னொரு திருட்டு இருக்கு, இது இன்னும் பொல்லாதது: சத்தத்தோட அளவு. எதை மாத்துனாலும் துளியூண்டு கூடுதலா ஒலிச்சா நம்ம காது அதை "நல்லாருக்கு"ன்னுதான் சொல்லும். 1933லயே பெல் ஆய்வுக்கூடத்துல பிளெட்சரும் மன்சனும் அளந்து வச்சுட்டாங்க. சத்தம் குறையும்போது கீழ்ச் சத்தம்தான் காதுக்கு முதல்ல தேயும். பழைய செட்டுகள்ல லவுட்னஸ்னு ஒரு பட்டன் இருக்கும்லா, அது இதுக்காக வச்சதுதான். திருப்பிப் பாத்தா, கொஞ்சம் கூட்டி வச்சாலே பேஸ் நிறைஞ்ச மாதிரி இருக்கும். பார்ட்ஸ் விக்கிறவன் டெமோ காட்டும்போது அவன் கை வால்யூம்ல இருக்கான்னு பாத்துக்கிடுங்க.

அதனால நான் ஒரு முறை வச்சிருக்கேன். எதை மாத்தினாலும் இடது பக்கம் மட்டும் மாத்துவேன். வலது பக்கத்தைத் தொடவே மாட்டேன். மோனோ பட்டனை அமுக்கி, ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸையும் ஒட்டி வச்சு, பேலன்ஸ் குமிழை இங்கயும் அங்கயும் திருப்புனா பழசும் புதுசும் ஒரே பாட்டுல, ஒரே நேரத்துல. திருப்புறதுக்கு முன்னால 200 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணு போட்டு, ஸ்பீக்கர் முனையில மல்டிமீட்டர் வச்சு, ரெண்டு பக்கமும் 1.00 வோல்ட் நிக்குதான்னு பாத்துக்கிடுவேன். ஒரு பக்கம் 1.12 காட்டுனா அது முழுசா ஒரு டெசிபல் வித்தியாசம். அந்த வித்தியாசத்தோட கேட்டா கேட்டதே வீண்.

இப்ப ஸ்பீக்கருக்கு வாரேன். நான் ரொம்ப நேரம் போராடுனது இதோடதான்.

பாக்ஸுக்குள்ள ட்வீட்டருக்கு, அதான் மேல் சத்தம் மட்டும் போடுற சின்ன ஸ்பீக்கருக்கு, முன்னால ஒரு கண்டன்சர் இருக்கும். என்னோடதுல 4.7 எம்எஃப்டி, நான்-போலார் எலக்ட்ரோலிட்டிக். ட்வீட்டர் 8 ஓம். அதே கணக்கைப் போட்டா (8 ஓம்னா 0.008 கிலோ ஓம்) நாலாயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸ், அதுக்கு மேலதான் ட்வீட்டருக்குப் போவும். இது முப்பது வருசத்துக்கு மேல ஆனது. கழட்டி மீட்டர்ல வச்சேன். மதிப்பு கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கு, ஆனா உள் தடை, இஎஸ்ஆர்னு சொல்லுவாங்க, 1.5 ஓம் காட்டுச்சு. புது பிலிம் கண்டன்சர்ல அது இருக்கிற இடமே தெரியாது. இடது பாக்ஸ்ல பிலிமை வச்சுப் பத்த வச்சேன்.

அம்மா அடுப்படியில கத்திரிக்காய் அரிஞ்சிட்டு இருந்தாங்க. நான் ஒண்ணும் சொல்லல. பேலன்ஸை மட்டும் திருப்புனேன். உள்ள இருந்தே குரலு வருது: "எய்யா, இப்ப என்ன பாட்டு காதுல குத்துது?" திருப்பி வலது பக்கம் வச்சேன். "ஆங், இது கேக்கலாம்." சரின்னு பத்து தடவை, நாணயத்தைச் சுண்டிப் பாத்து இடமா வலமான்னு முடிவு பண்ணி வச்சேன். பத்துல ஒன்பது தடவை அம்மா சரியாச் சொன்னாங்க. அவங்களுக்கு கண்டன்சர்னா ஃபேன் ஓடாட்டி மாத்துறது, அவ்வளவுதான் தெரியும்.

அப்போ பிலிம் கண்டன்சருக்குன்னு ஒரு சத்தம் இருக்கா? அவசரப்படாதீங்க. பழைய கண்டன்சர்ல இருந்த 1.5 ஓம் இப்ப இல்ல. 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால 1.5 ஓம் நின்னா சத்தம் 1.5 டெசிபல் குறையும். அது போனதும் ட்வீட்டர் அந்த அளவு கூடிருச்சு. அதுதான் குத்துனது. சரி, அதே 1.5 ஓமை நானே திரும்ப வச்சா? ஒரு 5 வாட் ரெசிஸ்டர், டீ குடிக்கிற காசுகூட ஆகாது, பிலிமுக்கு முன்னால வச்சேன். மறுபடியும் நாணயம், மறுபடியும் பேலன்ஸ். இந்தத் தடவை பத்துல ஆறு. கடைசியில, "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்யா, ஆளை விடு, சாம்பார் கொதிக்குது"ன்னுட்டாங்க.

இதுதான் நான் சொல்ல வந்தது. சத்தம் நிசமா மாறுச்சுன்னா எங்கயோ ஒரு மதிப்பு மாறிருக்கு: ஓமோ, எம்எஃப்டியோ, வோல்ட்டோ. அது எதுன்னு மீட்டர் வச்சுத் தேடுனா பெரும்பாலும் ஆப்புட்டுரும்.

ஐசி விசயம். டோன் போர்டுல 4558னு ஒரு ஐசி இருந்துச்சு. நம்ம ஊரு அசெம்பிள் செட்டுல 4440ங்கிற ஆம்ப்ளிபயர் ஐசிக்கு முன்னால உக்காந்திருக்கும்லா, அதே எட்டுக் கால் ஐசி. எல்லாரும் 5532 போடு, எல்எம்4562 போடுன்னாங்க. ஐசி சொருகுற சாக்கெட்டு வச்சுட்டா ஒண்ணைப் புடுங்கி இன்னொண்ணைச் சொருகலாம், கால் வரிசை ஒண்ணுதான். எல்எம்4562 சொருகுனேன். சத்தம் சொரசொரன்னு இருக்கு, ஐசி மேல விரலை வச்சா சுடுது. வேகமான ஐசி அது, 4558க்கு ஒரு 3 மெகா ஹெர்ட்ஸ்னா இதுக்கு 55. சப்ளை காலுக்குப் பக்கத்துல 104 கண்டன்சர் (0.1 எம்எஃப்டிதான், மேல 104னு போட்டிருக்கும்) இல்லாட்டி காதுக்குக் கேக்காத அலைவரிசையில தானா ஊளையிட ஆரம்பிச்சுரும். போர்டுக்கு அடியில ரெண்டு 104 வச்சதும் அடங்கிட்டு. இதைக் கவனிக்காம அந்தச் சொரசொரப்பை "டீட்டெய்ல்"னு சொல்லி ரசிக்கிற ஆளையும் பாத்திருக்கேன்.

அடங்குனதுக்கு அப்புறம் பாட்டுல என்ன மாத்தம்? எனக்குத் தெரியல. பாட்டை நிறுத்தி, வால்யூமை முழுசாத் திருப்பி, ட்வீட்டர்ல காதை வச்சா அந்த ஸ்ஸ்ஸ்... அது மட்டும் குறைஞ்சிருக்கு. ரெக்கார்டு பிளேயர் போட்டுக் கேக்கிறவங்களுக்கு, அதோட மெல்லிய சத்தத்தை முதல்ல கூட்டுற இடத்துல இது பிரயோசனம். எனக்கு டோன் போர்டுல பெருசா இல்ல.

பவர் சப்ளையில ஒரு எரிச்சலான கதை. பெரிய கண்டன்சர் ரெண்டும் 10,000 எம்எஃப்டி. காஞ்சு போயி ஹம்மிங் வந்துச்சு. மாத்துனதும் ஹம்மிங் நின்னுட்டு. அதை நான் மாடிபிகேஷன்னு சொல்ல மாட்டேன், வைத்தியம். ஆனா முதல் தடவை ஒரு ஆன்லைன் கடையில வாங்குனது போலி. நான் கல்லிடைக்குறிச்சிக்காரன், அப்பளக் கட்டுல ரெண்டு குறைஞ்சாலே கையில எடுத்ததும் தெரியும். அதை எடுத்தேன், கனமே இல்ல. மீட்டர்ல 3,100. ரம்பம் வச்சு அறுத்தேன். இந்தா, கேமரா பக்கத்துல காட்டுதேன்... பெரிய டப்பாக்குள்ள ஒரு சின்ன கண்டன்சர், சுத்தி வெறும் இடம். பணம் திரும்பி வர ஒன்றரை மாசம்.

செய்யுறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. 35-0-35 டிரான்ஸ்பார்மர்னா உள்ள ரெண்டு பக்கமும் 50 வோல்ட் கிட்ட நிக்கும், பிளக்கைப் புடுங்குன பிறகும் நிக்கும். மீட்டர் வச்சு இறங்கிட்டான்னு பாக்காம கையை விடாதீங்க. திரும்ப ஆன் பண்ணும்போது முதல்ல 100 வாட் குண்டு பல்பு ஒண்ணை சீரியல்ல, அதாவது செட்டுக்குக் கரண்ட் போற வழியிலேயே, போட்டு ஆன் பண்ணுங்க. பளிச்சுன்னு எரிஞ்சுட்டே இருந்தா உள்ள எங்கயோ ஷார்ட். பல்பு தாங்கும், டிரான்ஸிஸ்டர் தாங்காது.

வயரா? ஸ்பீக்கர் வயர் தண்டியா இருக்கணும், முனை துரு இல்லாம இருக்கணும். அவ்வளவுதான், அடுத்த கேள்வி.

அந்த 1.5 ஓம் ரெசிஸ்டர் இன்னும் இடது பாக்ஸுக்குள்ளதான் இருக்கு. பிலிம் கண்டன்சரையும் எடுக்கல, அது பழசு மாதிரி காயாது. வலது பக்கத்துக்கும் அதே ஜோடியை நாளைக்குப் பத்த வைக்கணும். இப்ப கேமரா சார்ஜ் நாலு சதவீதம் காட்டுது, கீழ சாப்பிடக் கூப்பிடுதாங்க, வாரேன்.